தீவனச் சோளமும் என் வலது கையும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: எனக்குக் காத்திருக்கத் தெரியாது. இட்லிக் குண்டானை அடுப்பில் ஏற்றிய நாலாவது நிமிடம் மூடியைத் திறந்து பார்ப்பேன். நகப்பூச்சு காய்ந்துவிட்டதா என்று தொட்டுத் தொட்டே நாசம் செய்வேன். பஸ் வருகிறதா என்று ரோட்டின் நடுவுக்கே போய் எட்டிப் பார்ப்பேன். (நான் பார்ப்பது டிரைவருக்குத் தெரிந்து அவர் கொஞ்சம் வேகமாக மிதிப்பார் என்று ஒரு நம்பிக்கை.)

இப்படிப்பட்ட ஒருத்தியை, விதை முளைக்கிறதா என்று பத்து நாள் சும்மா இருந்துவிட்டு எண்ணிச் சொல்லும் வேலைக்கு எடுத்தார்கள். எடுத்தவர்கள் மேல் தப்பில்லை. நேர்முகத் தேர்வில் "உங்க பலம் என்ன?" என்று கேட்டார்கள். கேள்வி முடிவதற்குள் "பொறுமை" என்று சொல்லிவிட்டேன்.

அது தர்மபுரிக்கு வெளியே இருந்த ஒரு சின்னத் தீவன விதைப் பரிசோதனைக் கூடம். பேர் வேண்டாம். அவர்கள் இப்போதுதான் என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டிருக்கிறார்கள். எனக்கு இருபத்து மூன்று வயது. விவசாயப் படிப்பு முடித்த சூடு ஆறவில்லை. தினமும் இண்டூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். அங்கே என்னைத் தவிர இரண்டே பேர். ஒருவர் எங்கள் தலைவி சுகந்தி மேடம். எதையும் ஒரு தடவைதான் சொல்வார், அதுவும் மெல்லிய குரலில். இன்னொருவர் கூட்டிப் பெருக்கி, தட்டு கழுவி, விதை எண்ணி, எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருந்த கோவிந்தம்மாக்கா. வீட்டில் கன்னடம் பேசுகிறவர். எங்களிடம் தமிழில் பேசுவார், எண்ணும்போது மட்டும் ஒந்து, எரடு, மூரு என்று தாய்மொழிக்குப் போய்விடுவார்.

வேலை சேர்ந்த மூன்றாவது வாரம் மாதம்மா வந்தார். பென்னாகரத்துக்கு அந்தப் பக்கத்து ஊர். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து, மாட்டுத் தீவனத்துக்கான சோளத்தை விதைக்கென்றே தனியாகப் பயிர் செய்திருந்தார்கள். அந்தக் குழுவுக்கு அவர்தான் தலைவி. மஞ்சள் பையில் ஒரு படி விதையைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். வைத்த பிறகும் பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க மேடம். இது முளைக்கும்னு நீங்க எழுதிக் குடுத்தா, மழைக்கு முன்னால சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் எங்க வெதைதான் போவும். முளைக்கலைன்னு எழுதிட்டீங்கன்னு வைங்க, எங்க வூட்டு ஆம்பளைங்க, 'உங்களுக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை, போய்ச் சாணி அள்ளுங்க'ன்னு கெளம்பிருவாங்க."

"முளைக்கறது உங்க விதை கையில இருக்குங்கம்மா," என்றேன் நான். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மேடம் அந்த விதையைச் சாதாரணமாகச் சோதித்து அனுப்ப விரும்பவில்லை. எந்தச் சூட்டில், எதில் போட்டால் நன்றாக முளைக்கிறது என்பதையும் பார்த்துவிட்டால், வாங்குகிறவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லி அனுப்பலாம் என்றார். எங்களிடம் இரண்டு சேம்பர்கள் இருந்தன. கண்ணாடிக் கதவு போட்ட ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கும். உள்ளே விளக்கு எரியும், வைத்த வெப்பம் மாறாமல் நிற்கும். ஒன்றை இருபது டிகிரியிலும் இன்னொன்றை முப்பதிலும் வைத்தார். ஒவ்வொன்றிலும் நாலு வகை: ஈரத் தாளில் சுருட்டிய விதை, மணலில் விதை, தென்னை நார்க்கழிவில் விதை, செம்மண்ணில் விதை. எல்லாவற்றையும் மேடமே தன் கையால் போட்டார். போட்டுவிட்டுப் பத்து நாள் பயிற்சிக்குக் கோயம்புத்தூர் கிளம்பினார்.

"நாலாம் நாள் ஒரு எண்ணிக்கை. பத்தாம் நாள் ஒரு எண்ணிக்கை. தண்ணி காலையில ஒரு தடவை, லேசாத் தெளிச்சா போதும். மத்தபடி கதவைத் திறக்க வேண்டாம்."

"சரிங்க மேடம்."

முப்பது டிகிரி சேம்பருக்குள் மூலையில், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பழைய போன் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒயர் வெளியே வந்தது. மணல் மட்டும் தட்டில் இல்லாமல் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியில் இருந்தது. கண்ணாடியை ஒட்டிச் சில விதைகள் வெளியே தெரிந்தன.

"அது என்னங்க்கா போன்?" என்று கோவிந்தம்மாக்காவிடம் கேட்டேன்.

"மேடம் வெச்சாங்க. யாரும் தொடக்கூடாதுன்னாங்க."

ஏதோ சூடு அளக்கிற கருவி என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பத்து நாளில் நான் தொடாத ஒரே பொருள் அதுதான்.

மேடம் கிளம்பியது காலை பத்து மணிக்கு. பதினொன்றுக்கு நான் முதல் தடவை கதவைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும், நாலு வருடம் படித்திருக்கிறேன். ஆனாலும் உள்ளே ஏதோ நடந்துகொண்டிருக்கிறது, நான் இங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்ற நினைப்பு நாற்காலியில் முள் வைத்த மாதிரி இருந்தது. பன்னிரண்டுக்குத் திறந்தேன். பன்னிரண்டரைக்கு, பன்னிரண்டு மணிக்குச் சரியாக மூடினேனா என்று பார்க்கத் திறந்தேன்.

"கண்ணு, அது தூங்கட்டும், வுடு," என்றார் கோவிந்தம்மாக்கா.

"சும்மா பார்க்கறேங்க்கா."

இரண்டாம் நாள் பார்ப்பது போதவில்லை. புடவையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து, தொட்டியில் கண்ணாடி ஓரமாக இருந்த ஒரு விதையை மெல்ல மேலே தோண்டி எடுத்தேன். ஊறிப் பருத்திருந்தது. திருப்தியாகத் திரும்பப் புதைத்தேன். அரை மணி கழித்து மறுபடி எடுத்தேன். மாலை நாலு மணிக்கு அதன் ஒரு முனையில் ஊசி முனை அளவுக்கு வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அம்மாவுக்குப் போன் போட்டு, "முளைச்சிருச்சும்மா!" என்றேன்.

"எது?"

"சோளம்!"

"சோளம் முளைக்காம பின்ன என்னடி பண்ணும்?" என்று போனை வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் அந்த வெள்ளை முனை கறுத்திருந்தது. ஊக்கு பட்டிருக்க வேண்டும். அப்படி எனக்கு அப்போது தோன்றவில்லை, குளிர் பட்டுவிட்டது என்று தோன்றியது. குளிர்தான் காரணம் என்று முடிவானதும் முப்பதை முப்பத்தெட்டு ஆக்கினேன். கொஞ்சம் சூடு கொடுத்தால் சுறுசுறுப்பாக வரும் இல்லையா? மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் உள்ளே அனல் அடித்தது. பயந்துபோய் இருபத்திரண்டுக்கு இறக்கினேன். ஒரே நாளில் அந்த விதைகள் ஒகேனக்கல் பாறை வெயிலையும் ஏற்காட்டுக் குளிரையும் பார்த்துவிட்டுத் திரும்பின. மாலை ரிஜிஸ்டரில் 'வெப்பம்: 30' என்று எழுதினேன். மேடம் வைத்துவிட்டுப் போனது முப்பதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்தடுத்த நாட்களிலும் குமிழைத் திருகினேன், ரிஜிஸ்டரில் மட்டும் முப்பது முப்பதாகவே நின்றது.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். (இதையாவது வேகமாகச் செய்ய உரிமை உண்டு.) நார்க்கழிவு மேலே காய்ந்த மாதிரி தெரிந்ததால் தண்ணீர் ஊற்றினேன். மறுபடி தெரிந்தது, மறுபடி ஊற்றினேன். ஐந்தாம் நாள் அது எங்கள் வீட்டு மாட்டுக் கழுநீர்த் தொட்டியின் வாசனைக்கு வந்துவிட்டது. சுருட்டி நிற்க வைத்த தாள்களைத் தினமும் விரித்துப் பார்த்துத் திரும்பச் சுருட்டினேன். பிஞ்சு வேர்கள் தாளோடு ஒட்டி, விரிக்க விரிக்க அறுந்தன. மணலிலிருந்து எடுத்த விதைகளில் பாதியைத் தலைகீழாகப் புதைத்தேன், மீதியை இரண்டு தடவை தலைகீழாகப் புதைத்தேன். இருபது டிகிரிக்காரர்கள் மெதுவாக வருவதைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் அவர்களையும் அவ்வப்போது வெளியே எடுத்து வெயிலில் காட்டினேன்.

செம்மண் தட்டுகளை மட்டும் நான் தொடவில்லை. சித்தி மகள் கல்யாணத்துக்காக நகம் வளர்த்திருந்தேன், செம்மண் உள்ளே போனால் லேசில் வராது.

மேடம் தினமும் சாயங்காலம் போன் செய்வார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க மேடம்."

பத்தாம் நாள் எண்ணினேன். மணலில் ஒன்றுகூட இல்லை. நார்க்கழிவில் ஒன்றுகூட இல்லை. தாளில் ஐந்தாறு, அதுவும் நொண்டி. இரண்டு செம்மண் தட்டுகளிலும் ஓரளவுக்குப் பச்சைப் பசேல்.

மூளை உள்ள யாரும் இந்த இடத்தில் தன் கையைப் பார்த்திருப்பார்கள். நான் ஒரு புதுக் கோட்பாட்டைக் கண்டுபிடித்தேன். இந்தச் சோளம் தலைமுறை தலைமுறையாகச் செம்மண்ணுக்குப் பழகியது. வேறு எதில் போட்டாலும் முளைக்க மறுக்கிறது. ஆகவே மொத்தத்தில் விதைக்குத் தகுதி இல்லை. இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். எழுத எழுத எனக்கே புல்லரித்தது. மேடம் வரும் வரை அதை வைத்திருந்தால் போதும். ஆனால் அன்று மதியம் மாதம்மா போன் செய்தார். எனக்குத்தான் காத்திருக்கத் தெரியாதே!

"விதை சரியில்லீங்கம்மா. பாஸ் ஆகல."

"எங்க வெதையாங்க?"

"ஆமாங்க."

"நாங்க வூட்டுல ஈரச் சாக்குல போட்டுப் பாத்தமுங்களே. அத்தனையும் முளைச்சுதே."

"சாக்கு வேற, சயின்ஸ் வேறங்கம்மா."

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். இந்த வாக்கியம் இன்றைக்கும் குளிக்கும்போது திடீரென்று ஞாபகம் வரும், நான் பக்கெட்டோடு பேச ஆரம்பிப்பேன்.

மேடம் திரும்பி வந்து என் இரண்டு பக்கத்தையும் படித்தார்.

"மணல்ல ஒண்ணு கூடவா இல்லை?"

"ஒண்ணு கூட இல்லைங்க மேடம்."

"சூடு?"

"முப்பதுங்க மேடம். ரிஜிஸ்டர்ல இருக்கு."

ரிஜிஸ்டரைப் புரட்டினார். மூடினார். "மறுபடி போட்டுப் பார்ப்போம். அதுவரைக்கும் யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேண்டாம். நாளன்னிக்கு விவசாயிங்க கூட்டத்துல, விதை முளைக்க என்னென்ன வேணும்னு பொதுவாப் பேசு, போதும்."

மாதம்மாவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டதை நான் சொல்லவில்லை.

கூட்டத்தன்று எங்கள் சின்ன ஹால் நிரம்பிவிட்டது. முதல் வரிசையில் அப்பாவும் அம்மாவும். இண்டூரில் மூன்று மாடு வைத்துப் பால் ஊற்றுகிற எங்கள் அப்பா, மகள் மைக்கில் பேசப் போகிறாள் என்று கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு, நான் மேடை ஏறும் முன்பே போனைத் தூக்கிப் பிடித்துப் பதிவு செய்ய ஆரம்பித்திருந்தார். நடு வரிசையில் மாதம்மாவும் அவருடைய பதினோரு பேரும்.

பொதுவாகத்தான் ஆரம்பித்தேன். ஈரம், சூடு, காற்று என்று இரண்டு நிமிடம் போனது. அதற்குமேல் என் கோட்பாடு தொண்டைக்குள் நின்று குதித்தது. முதல் வரிசையில் அப்பா வேறு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

"உதாரணத்துக்கு," என்றேன், "பென்னாகரம் பக்கத்திலேருந்து ஒரு விதை வந்தது. மணல்ல போட்டா ஒண்ணு கூட முளைக்கல. நார்க்கழிவுல அழுகிப்போச்சு. சரியான சூட்டுல வெச்சும் இப்படி. இதுலேருந்து என்ன தெரியுதுன்னா..."

மாதம்மா எழுந்தார்.

"அது எங்க வெதைங்க. ஊரு பேர மட்டும் எதுக்குச் சொல்றீங்க, எங்க பேரையும் சேத்துச் சொல்லுங்க. பன்னெண்டு பேரு கதிரு கதிராப் பாத்துப் பொறுக்குன வெதைங்க அது. நல்ல வெதை. அழுவுச்சுன்னா ஏன் அழுவுச்சுன்னு சொல்லுங்க."

மேடம் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

"அவங்க கேக்கறது நியாயம்," என்றார். "விதை மணலுக்குள்ள எப்படி முளைக்குதுன்னு உங்களுக்குக் காட்டலாம்னு உள்ள ஒரு போன் வெச்சிருந்தோம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு படம்னு பத்து நாள் எடுத்திருக்கு. காலையிலதான் எல்லாத்தையும் கோர்த்து வீடியோவா அனுப்பினாங்க, நானும் இன்னும் பார்க்கல. இது இவங்க விதைதான். என்ன ஆச்சுன்னு எல்லாருமே பார்ப்போம்."

ஜன்னலைச் சாத்தினார்கள். மூலையில் இருந்த போன் என்னவென்று எனக்கு அந்த நொடியில் புரிந்தது.

திரையில் கண்ணாடித் தொட்டி, சுவர் உயரத்துக்கு. மணலுக்குள் அழகாக நாலு விதை. ஓரத்தில் சேம்பருக்குள் இருந்த வெப்பமானியின் எண்கள்: 30. எல்லோரும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள். பத்து நொடி ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு மேலேயிருந்து ஒரு கை இறங்கியது.

ஊக்கு பிடித்த, ரோஸ் கலர் நகப்பூச்சும் கண்ணாடி வளையலும் போட்ட, யானைத் தும்பிக்கை அளவுக்கு ஒரு கை. ஒரு விதையைத் தோண்டி மேலே எடுத்துப் போனது. விதை காணாமல் போனது. திரும்ப வந்தது. கை போனது. ஒரு நொடி கழித்துக் கை வந்தது. விதை மேலே போனது, கீழே வந்தது, மேலே போனது, ரங்கராட்டினத்தில் ஏறிய மாதிரி. நடுநடுவே ஒரு கண். திரை முழுக்க ஒரே ஒரு கண், மை போட்டு, இமைக்காமல். பிறகு ஒரு வாய். அந்த வாய் பேசிக்கொண்டிருந்தது. ("சீக்கிரம் வாடா தங்கம்" என்று நான் கெஞ்சியது எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரிந்துவிட்டது.)

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அடுத்து எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி கத்தினாள்: "கை வருது! கை வருது!"

அவ்வளவுதான். ஹாலே அதைப் பிடித்துக்கொண்டது. நகப்பூச்சு எட்டிப் பார்க்கும்போதெல்லாம் நூறு பேர் சேர்ந்து "கை வருதேய்!" என்றார்கள். ஓரத்தில் எண்கள் 30, 38, 22, 35 என்று தாறுமாறாக ஓடின. வெள்ளம் வந்தது, விதைகள் மிதந்தன. ஆறாம் நாள் என் முகம் மென்றுகொண்டே வந்தது, கையில் டிபன் பாக்ஸ். தயிர் சாதத்திலிருந்து ஒரு பருக்கை நேராகத் தொட்டிக்குள் விழுந்து, கடைசி வரைக்கும் அங்கேயே இருந்தது.

"ஏனுங்க, அந்தச் சோத்துப் பருக்கையாவது முளைச்சுதுங்களா?" என்று பின்னாலிருந்து ஒருவர் உண்மையான அக்கறையோடு கேட்டார்.

வீடியோ இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். என் வாழ்க்கையில் நான் சீக்கிரம் முடிய வேண்டும் என்று வேண்டாத ஒரே விஷயம் அதுதான். ஏனென்றால் முடிந்ததும் ஜன்னலைத் திறப்பார்கள்.

திறந்தார்கள். அம்மா முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். அப்பாவின் போன் இன்னும் உயரத்திலேயே இருந்தது, நிறுத்த வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. சிரிக்காத ஒரே கூட்டம் நடு வரிசைப் பன்னிரண்டு பேர்தான்.

"அப்ப எங்க வெதை சாகலீங்க," என்றார் மாதம்மா. "கொன்னிருக்காங்க."

மைக் என் கையிலேயே இருந்தது. இந்தத் தடவை காத்திருக்கத்தான் ஆசையாக இருந்தது, ஒரு பத்து வருடமாவது.

"மன்னிச்சிருங்கம்மா," என்றேன். "விதையில குறை இல்லை. கதவைத் திறந்தது நான்தான். சூட்டை மாத்துனதும் நான்தான்."

"அதான் வளையலைப் பாத்தாலே தெரியுதே!" என்று யாரோ சொல்ல, மறுபடியும் ஹால் அதிர்ந்தது.

கூட்டம் முடிந்ததும் மேடம் கூப்பிட்டார். திட்டுவார் என்று தயாராகப் போனேன். அவர் ரிஜிஸ்டரைத் திறந்து என் முன்னால் நகர்த்தினார்.

"தோண்டினது சரி, சின்ன வயசு. முப்பதுன்னு ஏன் எழுதின?"

அழுதேன். அவர் அழுகை முடியும் வரை மேஜையில் வேறு வேலை பார்த்தார். பிறகு, "ஒவ்வொரு நாளுக்கும் நடந்ததை எழுது. எத்தனை தடவை திறந்தேன்னும் எழுது," என்று பேனாவைக் கொடுத்தார்.

எத்தனை தடவை என்று எனக்கு எப்படித் தெரியும்? வாசலில் நின்றிருந்த கோவிந்தம்மாக்கா தெளிவாகச் சொன்னார்: "நூற ஹதினால்கு. நூத்திப் பதினாலு. நான் சோறு திங்கப் போன நேரத்த சேக்கல." அவர் அந்தப் பத்து நாளும் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தது விதையை அல்ல.

மறுபடி சோதனை போட்டோம். இரண்டு சேம்பருக்கும் பூட்டு, சாவி கோவிந்தம்மாக்காவின் இடுப்பில். காலையில் ஒரு தடவை அவர் திறந்து தண்ணீர் தெளிப்பார், நான் மூன்றடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்தப் பத்து நாள் எனக்கு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். வராந்தாவின் நீளம் நாற்பத்தொரு அடி. அதை மட்டும் இப்போதும் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

பத்தாம் நாள் எண்ணினோம். முப்பது டிகிரியில் மணலில் ஏறக்குறைய எல்லா விதையும் வந்திருந்தது. தாளிலும் அப்படியே. அளவாகத் தண்ணீர் விட்ட நார்க்கழிவிலும் குறையில்லை. இருபது டிகிரியில் அதே விதைகள் நாலைந்து நாள் பிந்தி, சோம்பேறிகளைப் போல வந்தன, ஆனால் வந்தன. கடைசியில் நின்றது எது தெரியுமா? என் கோட்பாட்டு நாயகனான செம்மண். தெளித்த தண்ணீர் காய்ந்து மேல்மண் ஓடு மாதிரி இறுகியதால், கீழே முளைத்த சிலது வெளியே வர முடியாமல் வளைந்து கிடந்தன. மேடம் என் இரண்டு பக்கத்தை எடுத்து, பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது, கணக்குப் போட ஆகும் என்று கோவிந்தம்மாக்காவிடம் கொடுத்தார்.

தேர்ச்சிச் சான்றிதழைத் தபாலில் அனுப்ப வேண்டியது. நானே நேரில் கொண்டுபோகிறேன் என்றேன். ஒகேனக்கல் பஸ்ஸில் ஏறினேன், எண்ணெய்க் குளியலுக்கும் மீன் வறுவலுக்கும் போகிற கூட்டத்தின் நடுவே. பஸ் இண்டூரில் நின்றபோது ஜன்னலோரத்தில் குனிந்துகொண்டேன். பிரயோஜனமில்லை. கீழே நின்ற பால்காரர் பார்த்துவிட்டார். "கை போவுதுங்கோ!" என்றார். அப்பாவின் பதிவு அதற்குள் ஊரிலிருந்த எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் போயிருந்தது. (அப்பா இன்றுவரை, "நல்லதுக்குத்தான் அனுப்பினேன், நீ மைக்குல பேசுனது முதல்ல இருந்துதே" என்கிறார்.)

பென்னாகரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். மாதம்மா மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார். காகிதத்தை வாங்கி, எழுத்துக் கூட்டிக் கடைசி வரி வரை படித்தார். முகத்தில் சிரிப்பு வரவில்லை.

"எங்க குழுவுல சின்னப்பொண்ணுன்னு ஒருத்தி," என்றார். "நீங்க போன்ல சொன்ன அன்னிக்கே, செத்த வெதைய வெச்சு என்ன பண்றதுன்னு அவ பங்கு முச்சூடும் கோழிக்கு எறைச்சுப்புட்டா. அவ வூட்டுக்காரன் சிரிச்சானாம்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஹாலில் நூறு பேர் சிரித்தபோது வராத ஏதோ ஒன்று அப்போது நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. ஒரு போன், ஒரே ஒரு நிமிட அவசரம். வெட்டிய தட்டின் மேல் ஈ மொய்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவங்க வீடு எதுங்க? நான் போய்ப் பேசறேன்."

"பேசி? நாங்க பதினோரு பேரும் ஆளுக்கு ரெண்டு படி போட்டு அவ பங்க நெரப்பிட்டோம். நீங்க போய் அந்தக் காயிதத்த அவ வூட்டுக்காரன்கிட்டப் படிச்சுக் காட்டுங்க. அது போதும்."

போனேன். அந்த மனிதர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சின்னப்பொண்ணு கதவோரம் நின்றார். தப்பு எங்கள் கூடத்தில் நடந்தது, விதை முதல் தரம் என்று முழுவதையும் உரக்கப் படித்தேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, "அப்ப அந்தக் கோழிங்க நல்ல வெதையத்தான் தின்னுச்சுங்களா?" என்றார். சின்னப்பொண்ணு முதலில் சிரித்தார். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஒப்பந்தம் முடியும் வரை மேடம் என்னை வைத்துக்கொண்டார். அதன்பிறகு ஊர் ஊராகப் போய்த் தீவனப் பயிர் பற்றி ஆலோசனை சொல்லும் இன்னொரு வேலை கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காபித் தட்டோடு நான் கூடத்துக்கு வந்ததும், மாப்பிள்ளையின் தங்கை அண்ணன் காதில், "கை வருது" என்றாள். என் போட்டோவுக்கு முன்னால் அவர்கள் வீட்டுக்கு அந்த வீடியோ போயிருந்தது. மாப்பிள்ளை சிரித்துச் சிரித்துக் காபியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். கல்யாணம் நடந்தது. இப்போது என் மகள், பரீட்சை முடிவுக்காக நான் போனைத் தடவிக்கொண்டிருந்தால், உள்ளறையிலிருந்தே அப்பாவுக்குக் குரல் கொடுக்கிறாள்: "அப்பா, கை வருது!"

மாதம்மாவின் குழு இன்று பெரிதாகிவிட்டது. அவர்களுடைய விதை எங்கெங்கோ போகிறது. சின்னப்பொண்ணுதான் இப்போது கணக்கு வழக்கெல்லாம் பார்க்கிறார். ஒவ்வொரு வருடமும் முதல் மழை விழுந்ததும் மாதம்மாவிடமிருந்து தவறாமல் ஒரு போன் வரும். என் நலம், மகள் நலம் எல்லாம் விசாரிப்பார். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"மேடம், நாளைக்கு வெதைக்கறோமுங்க. பத்து நாளைக்கு நீங்க இந்தப் பக்கம் வந்துராதீங்க."